மெழுகுதிரித் திருநாள் வரைக்கும்

விசேஷ வீட்டில் என்ன நடந்தது என்று ஹெர்மிலாவிடம் யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. மேசைத் துணிகளே சொல்லிவிடும். மிளகாய்க் குழம்புக் கறை மட்டும் இருந்தால் சாப்பாடு நேரத்துக்கு வந்திருக்கிறது, விருந்தாளிகளும் நேரத்துக்குக் கிளம்பியிருக்கிறார்கள். மெழுகு ஒட்டியிருந்தால் கரண்ட் போயிருக்கிறது. ஒரே ஒரு மூலை மட்டும் கசங்கி முறுக்கிக்கொண்டு கிடந்தால் பெண்ணின் அம்மா அங்கே உட்கார்ந்து அழுதிருக்கிறாள். புவெப்லா நகரம் முடிந்து செங்கல் சூளைகள் ஆரம்பிக்கிற எங்கள் பகுதியில், இருபது வருஷத்துக்கு மேல் எல்லா வீட்டு விசேஷத்தின் கறையையும் துவைத்து, இஸ்திரி போட்டு அடுத்த வீட்டுக்கு அனுப்பியவள் அவள்.

அவள் கணவர் எவாரிஸ்தோ நாற்காலி, மேசை, பந்தல் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். அவருடைய மடக்கு நாற்காலிகளின் முதுகில் நீலப் பெயிண்டில் ஒரு சேவல் இருக்கும். ஞானஸ்நானம், கல்யாணம், பெண்ணுக்குப் பதினைந்து வயது நிறைகிற விழா, சாவு, எதுவானாலும் எங்கள் ஆட்கள் அந்தச் சேவல் மேல் சாய்ந்துதான் உட்கார வேண்டும்.

இந்தத் தொழிலில் ஒரு கண்ணி உண்டு. நாற்காலிக்காரர் ஒரு விசேஷத்துக்கு இரண்டு தடவை போகிறார். முதல் தடவை போகும்போது வீட்டுக்காரருக்கு அவர் முகத்தைப் பார்க்கவே நேரமிருக்காது. இரண்டாம் தடவை, எல்லாம் முடிந்து நாற்காலியைத் திரும்ப எடுக்கப் போகும்போது, வீட்டுக்காரர் உலகத்திலேயே சந்தோஷமான மனிதர். கையில் பாட்டில் இருக்கும்.

"நாற்காலிக்காரரே, ஒண்ணு போட்டுட்டு அப்புறம் மடக்குங்க."

"வேண்டாங்க, வண்டி ஓட்டணும்."

"ஏன், எங்க வீட்டு கிளாஸ் அழுக்கா இருக்கா?"

இதற்கு எங்கள் ஊரில் பதில் கிடையாது. வாங்கிக் குடிக்க வேண்டும்.

எவாரிஸ்தோ குடித்தால் அடிக்கிறவர் இல்லை, கத்துகிறவரும் இல்லை. காணாமல் போய்விடுவார். லாரி ஒரு தெருவில் நிற்கும், நாற்காலிகள் இன்னொரு தெருவில் மழையில் நனையும், ஆளைத் தேட வேண்டும். ஒரு தடவை ஒரு கல்யாண வீட்டில் கழற்றிப் போட்ட பந்தல் துணி மேலேயே தூங்கிவிட்டார். கூலிக்கு வந்தவர்கள் கவனிக்காமல் அவரையும் சேர்த்துச் சுருட்டி, கட்டி, லாரியில் ஏற்றி, அடுத்த விசேஷ வீட்டில் இறக்கிவிட்டார்கள். இந்தக் கதையை எங்கள் பகுதியில் சொல்லிச் சிரிக்காதவர்கள் கிடையாது. ஹெர்மிலா முன்னால் மட்டும் யாரும் சொல்வதில்லை.

கல்லீரல் வீங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு அவள் ஒரு குழுவைத் தேட ஆரம்பித்தாள். குடியை நிறுத்த நினைப்பவர்கள் கூடிப் பேசுகிற குழுக்களுக்கு எங்கள் பக்கம் பஞ்சமே இல்லை, ரொட்டிக் கடையைவிட அதிகம். ஆனால் எவாரிஸ்தோவுக்கு எந்தக் குழுவும் சரிப்படவில்லை. தெரு முனையில் இருந்ததற்கு அவர் போகவே மாட்டேன் என்றார்.

"அந்தக் குழுவை நடத்தறவன் கல்யாணத்துக்கு நான்தான் பந்தல் போட்டேன். அவன் முன்னாடி எழுந்து நின்னு நான் குடிகாரன்னு சொல்லணுமா?"

"கிழவா, அந்தக் கல்யாணத்துல நீ கேக் மேல விழுந்தே. அவனுக்குத் தெரியாதா?"

கல்யாணமான புதிதிலிருந்தே அவள் அவரைக் கிழவா என்றும் அவர் அவளைக் கிழவி என்றும்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். இப்போது இருவருக்கும் அந்தப் பெயர் பொருந்தத் தொடங்கியிருந்தது.

சந்தைக்குப் பின்னால் இருந்த குழுவில் புதிதாக வருகிறவர்களை நிற்க வைத்துத் திட்டுவார்கள். திட்டினால்தான் உறைக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. பாதியிலேயே வெளியே வந்துவிட்டார். வெளியே நடைபாதையில் காத்துக்கொண்டிருந்த ஹெர்மிலாவிடம், "இதைக் கேக்க எதுக்கு இவ்வளவு தூரம்? வீட்டுலயே கேப்பேனே" என்றார். மூன்றாவது குழுவில் அவருடைய சித்தப்பா மகன் இருந்தான்.

கடைசியில் வழி சொன்னவள் செனைதா. பள்ளிக்கூட வாசலில் சோளரொட்டி சுட்டு விற்பவள், ஹெர்மிலாவின் மகளுக்கு ஞானத்தாய். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், ப்ளாசிதோ என்பவரின் டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு குழு இருக்கிறது என்றாள் அவள். இரும்புப் படி, நீலப் பலகை. பலகையில் 'கடைசிப் படகு' என்று எழுதியிருந்தது. ப்ளாசிதோ ஒரு காலத்தில் வெளியூர் பஸ் ஓட்டியவர். எந்த ஊரிலும் எவாரிஸ்தோவின் நாற்காலியில் உட்காராதவர். அதுவே பெரிய தகுதி.

முதல் நாள் அங்கே உட்காரப் பாதிப் பேருக்கு நாற்காலி இல்லை. எவாரிஸ்தோ பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து கேட்டார். மறுநாள் லாரியோடு வந்து, நீலச் சேவல் நாற்காலிகளை மாடிக்கு ஏற்றினார்.

"எதுக்கு தோழரே இதெல்லாம்?" என்றார் ப்ளாசிதோ.

"குடியை விடறதைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம். டப்பா மேல உட்கார்ந்தா மூலம் வந்துடும்."

அதற்குப் பிறகு தினமும் போனார். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று வெளியே சொல்லக் கூடாது. அவரும் சொல்லவில்லை. சனிக்கிழமை மட்டும் வீட்டு மனிதர்கள் வரலாம். ஒரு சனிக்கிழமை ஹெர்மிலா போனபோது, எவாரிஸ்தோ கூட்டத்துக்கு முன்னால் இருந்த உயரமான மேசைக்குப் பின்னால் போய் நின்றார். பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர். பெயரைச் சொன்னார், நான் குடிநோயாளி என்றார், பிறகு பந்தல் துணிக்குள் சுருட்டப்பட்ட கதையைச் சொன்னார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, தண்ணீர் குடித்தார்.

"வழியில முழிப்பு வந்துச்சு. ஒரே இருட்டு. கத்தினேன். லாரி சத்தத்துல யாருக்கும் கேக்கல. அப்புறம் கத்தறதை நிறுத்திட்டேன். நிறுத்தினதும் ரொம்ப நிம்மதியா இருந்துச்சு. அந்த நிம்மதியை நெனச்சாத்தான் எனக்கு பயமா இருக்கு."

இத்தனை வருஷத்தில் இதை அவர் அவளிடம் சொன்னதில்லை. அவள் கேட்டதுமில்லை.

குழுவில் சொல்லித்தந்தது ஒன்றுதான். இன்றைக்கு ஒரு நாள் குடிக்காமல் இரு, நாளையை நாளைக்குப் பார்க்கலாம். டயர் கடை மாடியில் இது நன்றாகவே ஓடியது. விசேஷ வீட்டில்தான் ஓடவில்லை. குழுவுக்குப் போகிறேன் என்று எவாரிஸ்தோ சொன்னால், "அதுக்கென்ன, இன்னைக்கு ஒரு நாள் லீவு போடுங்க" என்று ஊற்றுவார்கள். ஒவ்வொரு தடவையும் சண்டை போட்டு, கிளாஸைச் செடியில் கவிழ்த்து, வாடிக்கையாளரைப் பகைத்துக்கொண்டு வீடு வர வேண்டியிருந்தது.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் ஊரில் வேறு யாராக இருந்தாலும் அதுதான் வந்திருக்கும். மாதா முன்னால் சத்தியம் செய்வது. குவாதலூப் மாதா படத்துக்கு முன் மண்டி போட்டு, இன்ன தேதி வரை தொடமாட்டேன் என்று சொன்னால், சாமியார் தண்ணீர் தெளித்து ஜெபித்து, மாதா படம் போட்ட சின்ன அட்டையில் தேதி எழுதித் தருவார். சத்தியம் செய்தவனை இங்கே யாரும் வற்புறுத்தமாட்டார்கள். அவன் கையில் கிளாஸைத் திணிப்பவனுக்கும் பாவத்தில் பங்கு உண்டு. அட்டையைக் காட்டினால் போதும், வீட்டுக்காரரே உள்ளே ஓடிப்போய் செம்பருத்தி சர்பத் கொண்டுவருவார்.

ஆகஸ்டில், மாதா விண்ணேற்புத் திருநாளன்று எவாரிஸ்தோ சத்தியம் செய்தார். மெழுகுதிரித் திருநாள் வரைக்கும். யோசித்து வைத்த கெடு அது. டிசம்பரில் மாதா திருநாளில் தொடங்கும் குடி எங்கள் பக்கம் ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளில்தான் ஓயும். அதையும் தாண்டி, பிப்ரவரியில் கரையேறலாம் என்று கணக்கு.

ப்ளாசிதோவுக்கு அது பிடிக்கவில்லை. "படகுல உட்கார்ந்தாச்சு. அப்புறம் கழுத்துல கல்லை எதுக்குக் கட்டிக்கிறீங்க?"

"கல் இல்லீங்க. நங்கூரம்."

"நங்கூரம் போட்ட படகு எங்கயும் போகாது தோழரே."

ஆனால் பலித்தது. மழைக்காலம் முழுவதும் பலித்தது. எவாரிஸ்தோ அட்டையைச் சட்டைப் பையில் நெஞ்சோடு வைத்துக்கொண்டு விசேஷங்களுக்குப் போனார், சர்பத் குடித்தார், நாற்காலிகளை எண்ணி ஏற்றினார், சாயங்காலம் படியேறிக் குழுவில் உட்கார்ந்தார். கல்லறைத் திருநாளுக்கு ஹெர்மிலாவும் அவரும் சேர்ந்து மாமியார் கல்லறையில் சாமந்தி வைத்துவிட்டு வந்தார்கள். அவர் அன்று முழுவதும் அவள் பக்கத்திலேயே இருந்தது அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு ஞானஸ்நானம். குழந்தையின் அத்தை எல்லோருக்கும் பிளாஸ்டிக் கப்பில் மஞ்சள் ஜெல்லி கொடுத்தாள். எவாரிஸ்தோ ஒன்று சாப்பிட்டார். இன்னொன்றும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு கரண்டியை வைத்துவிட்டு, "இதுல என்ன போட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

"ரொம்போபே. பால், முட்டை, ரம் மூணும் போட்டு நானே காய்ச்சினது. ரம் கொஞ்சம் தாராளமாத்தான் விட்டேன். நல்லா இருக்கா?"

வீட்டுக்கு வந்தபோது அவர் முகம் மாவு பூசினதுபோல் இருந்தது.

"கிழவி, சத்தியம் உடைஞ்சுபோச்சு."

"எதால?"

"ஜெல்லியால."

ஹெர்மிலா சிரித்துவிட்டாள். "குழந்தைங்களும்தானே சாப்பிட்டுச்சு. அதுங்களும் குடிகாரங்களா?"

"அதுங்க சத்தியம் பண்ணல."

"தெரியாமத்தானே சாப்பிட்டே. மாதாவுக்கு அது தெரியாதா?"

"முதல் கப்பு தெரியாம. ரெண்டாவது கப்பு? எனக்குத் தெரியறதுக்கு முன்னாடியே என் நாக்குக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுதான் கேட்டு வாங்குச்சு."

அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அவர் குழுவுக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த நாள் நாற்காலிக் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து மெஸ்கால் சாராயம் குடித்தார். உடைந்த பானையில் இன்னொரு ஓட்டை விழுந்தால் என்ன என்றார். குழுவுக்குப் போய் நடந்ததைச் சொல் என்று அவள் கெஞ்சினாள்.

"மாதாகிட்ட சொன்ன சொல்லைக் காப்பாத்தாத வாயை வச்சுக்கிட்டு அங்க போய் என்னத்தைப் பேசறது? கெடு முடியட்டும். மெழுகுதிரித் திருநாளோட சத்தியம் தீருது. அதுவரைக்கும் நான் பாவத்துல இருக்கேன். தீர்ந்ததும் சுத்தமா வரேன்."

"அதுவரைக்கும்?"

அவர் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹெர்மிலா சாமியாரிடம் போனாள். கோயிலில் மாதா திருநாளுக்கு ஜோடனை நடந்துகொண்டிருந்தது. ஏணி மேல் நின்றவனுக்கு வழி சொல்லிக்கொண்டே சாமியார் அவள் சொன்னதைக் கேட்டார்.

"மாதா வட்டிக் கடை நடத்தலம்மா, கெடு வரைக்கும் காத்திருக்க. அவரைக் கூட்டிட்டு வா. பாவசங்கீர்த்தனம் பண்ணட்டும். நிமிஷத்துல தீர்ந்துபோற விஷயம்."

"வரமாட்டேங்கறார் சாமி."

"வராதவனை நான் எப்படிம்மா மன்னிக்கறது?"

பிறகு டயர் கடைக்குப் போனாள். ப்ளாசிதோ அன்றைக்கே இரண்டு பேரை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவர்களைத் தெருவில் பார்த்ததும் எவாரிஸ்தோ மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அவருடைய பூட்ஸ் முனை முற்றத்திலிருந்தே தெரிந்தது. ப்ளாசிதோ நாற்காலியை விரித்துப்போட்டு, ஹெர்மிலா கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே மேலே பார்த்துப் பேசினார்.

"எவாரிஸ்தோ, எங்க சங்கத்துல ஜெல்லிக்குத் தண்டனை கிடையாது."

பூட்ஸ் முனை தொட்டிக்குப் பின்னால் நகர்ந்து மறைந்தது.

"ஜெல்லிக்கு அப்புறம் குடிச்சதுக்கும் கிடையாது. நான் எத்தனை தடவை விழுந்து எழுந்தவன்னு உங்களுக்குத் தெரியும்."

காப்பி முடிந்தது. கிளம்பும்போது ஹெர்மிலா வாசல் வரை வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நாலு பேரா சேர்ந்து இழுத்துட்டுப் போக முடியாதா?"

"முடியும்மா. நாலு பேர் சேர்ந்தா மாட்டைக்கூட மாடிப்படி ஏத்திடலாம். ஏத்திட்டு?"

இழுத்துக்கொண்டு போகிற இடங்களும் உண்டு. வீட்டார் சொன்னால் வேனில் வந்து ஆளைத் தூக்கிப்போய், மாதக்கணக்கில் பூட்டி வைத்து அனுப்புவார்கள். அதைப் பற்றிச் செனைதாவிடம் ஹெர்மிலாவே பேச்செடுத்தாள். செனைதா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"என் தம்பியை அப்படித்தான் அனுப்பினோம் கொமாத்ரே. திரும்பி வந்தான். ஒரு சொட்டு தொடறதில்ல. என் வீட்டு வாசலையும் தொடறதில்ல."

ஹெர்மிலா அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டாள்.

இதில் இன்னொரு கொடுமை இருந்தது. எவாரிஸ்தோ குடிப்பது ஊருக்குத் தெரியாது. விசேஷ வீடுகளில் அவர் இன்னும் அட்டையைக் காட்டிச் சர்பத்தைத்தான் குடித்தார். எல்லோர் நடுவிலும் குடித்துவிட்டுத் தொலைந்துபோன மனிதர், இப்போது எல்லோர் நடுவிலும் நிதானமாக இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு குடித்தார். மேசைத் துணிகளிலிருந்து ஹெர்மிலாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. சந்தையில் பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "குடுத்து வச்சவ நீ. டிசம்பர் வந்தாச்சு, இன்னும் அசையலயாமே மனுஷன்." அவள் தலையாட்டிவிட்டுத் தக்காளி பொறுக்குவாள்.

மாதா திருநாள் வந்தது. தெருவெல்லாம் மாலையும் வெடியுமாக இருந்தபோது எவாரிஸ்தோ தன் போர்வையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குக் குடிபோனார். காரணம் சொல்லவில்லை. படுக்கையறைச் சுவரில் மாதா படம் இருக்கிறது, கொட்டகையில் இல்லை. ஹெர்மிலா படத்தைக் கழற்றி வைத்துவிடலாமா என்று யோசித்தாள். கழற்றினால், உடைந்தது உடைந்ததுதான் என்று தானும் ஒப்புக்கொண்டதாகிவிடும். அப்படியே விட்டாள். சனிக்கிழமைகளில் மட்டும் தனியாக இரும்புப் படியேறி, நீலச் சேவல் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, மற்றவர்கள் வீட்டுக் கதைகளைக் கேட்டுவிட்டு வந்தாள். அவளை எதுவும் பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதற்காகவே போனாள் என்றும் சொல்லலாம்.

மூன்று ராஜாக்கள் திருநாளுக்குக் குழுவில் வளைய ரொட்டி வெட்டினார்கள். அந்த ரொட்டிக்குள் குழந்தை இயேசுவின் குட்டிப் பொம்மைகளை வைத்துச் சுட்டிருப்பார்கள். யார் துண்டில் பொம்மை வருகிறதோ அவர் மெழுகுதிரித் திருநாளன்று அத்தனை பேருக்கும் தமால், அதாவது சோளத்தோலில் மடித்து அவித்த மாவுப் பண்டம், கொண்டுவர வேண்டும். செலவுக்குப் பயந்து பொம்மையை விழுங்கிவிடுகிற கஞ்சர்கள் உண்டு. மற்றபடி, எங்கள் ஊரில் வேறு எந்த வாக்கு தவறினாலும் இது தவறாது.

ப்ளாசிதோ வெட்டிக்கொண்டே வந்து ஒரு துண்டைத் தனியாக வைத்தார். "இது எவாரிஸ்தோவுக்கு. உட்கார அவர் நாற்காலி வேணும், ரொட்டி மட்டும் அவருக்கு வேண்டாமா?" ஹெர்மிலா அதைக் காகிதத்தில் சுற்றி எடுத்துவந்து கொட்டகையில் வைத்தாள்.

மறுநாள் காலை அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது எவாரிஸ்தோ வந்து, மேசைத் துணி மேல் எதையோ வைத்தார். பருப்பு அளவு வெள்ளைப் பொம்மை. தலையில் பல் தடம்.

"அந்த ரொட்டி எங்க வாங்கினது?"

"குழுவுல வெட்டினது. உன் பங்கு."

குனிந்து பொம்மையைப் பார்த்தார். "அப்போ எனக்கு விழுந்திருக்கு."

"விழுந்திருக்கு."

"விழுங்கித் தொலைச்சிருக்கணும்" என்றார். ஆனால் பொம்மையை எடுத்துத் துடைத்து, அட்டை இருந்த அதே பையில் போட்டுக்கொண்டார்.

ஹெர்மிலாவுக்கு அன்றைக்குத்தான் மூச்சு வந்தது. சத்தியம் தீருகிற நாளும் தமால் கொடுக்கிற நாளும் ஒன்றே. மாதாவிடமிருந்து ஒளிகிறவர் தமாலிடமிருந்து ஒளிய முடியாது. இதை அவள் செனைதாவிடம் சொன்னபோது செனைதா சிலுவை போட்டுக்கொண்டாள். "பொம்மை அந்தத் துண்டுல இருந்தது ப்ளாசிதோவோட வேலையா இருக்கும் கொமாத்ரே." "யாரோட வேலையா இருந்தா என்ன" என்றாள் ஹெர்மிலா.

திருநாளுக்கு முந்தின நாள் எவாரிஸ்தோ குடிக்கவில்லை. சோளமாவில் பன்றிக்கொழுப்பைப் போட்டு அவரே பிசைந்தார். மாவு பதமானதும் ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள், மிதக்க வேண்டும். முதல் துளி மூழ்கியது. இன்னும் பிசைந்தார். அடுத்ததும் மூழ்கியது. "ரெண்டுமே என்னை மாதிரி" என்றார். அவள் அவர் கையின் மேல் தன் கையை வைத்துச் சேர்ந்து பிசைந்தாள். மிதந்தது. சோளத்தோலில் மாவு வைத்து, கோழியும் பச்சை மிளகாய்ச் சாறும் வைத்து, உட்கார்ந்து மடித்தார்கள்.

"நாளைக்குப் பேசுவியா?"

"பேசணும். ஜெல்லியிலேர்ந்து ஆரம்பிக்கணும். சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

மெழுகுதிரித் திருநாள் விடிந்தது. காலையில் ஒரே ஒரு வேலை, கசாப்புக் கடை ஃபிதென்சியோ வீட்டில் நாற்காலி இறக்கிவிட்டு வர வேண்டும். இறக்குவதுதானே, எடுப்பது மறுநாள்தானே என்று ஹெர்மிலா நினைத்தாள். மத்தியானம் பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள். அடியில் தண்ணீர், தண்ணீரில் ஒரு காசு. காசு குலுங்கும் சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். பாத்திரத்தின் இரண்டு கைப்பிடிக்கும் சோளத்தோலைக் கிழித்து முடிச்சுப் போட்டாள். தமால் வேகும்போது வீட்டில் யாரும் கோபப்படக் கூடாது, பட்டால் மாவு வேகாமல் நின்றுவிடும். அந்த முடிச்சு அதற்குக் காவல்.

அவள் நினைத்துப் பார்க்காத விஷயம் ஒன்று இருந்தது. அந்தத் தேதியை அவள் மட்டும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. அட்டையைப் பார்த்த ஊரே எண்ணிக்கொண்டிருந்தது. சத்தியத்தை முழுசாக முடித்தவனுக்கு முதல் கிளாஸை ஊற்றுவது எங்கள் ஊரில் ஒரு மரியாதை. ஃபிதென்சியோ அதற்காகவே நல்ல பாட்டில் ஒன்றை எடுத்து வைத்திருந்தாராம். நாற்காலி இறங்கியதும் எல்லோரையும் கூப்பிட்டாராம். பிறகு அவர் மனைவி சொல்லித்தான் தெரிந்தது.

"வாங்க எல்லாரும், இந்த மனுஷனைப் பாருங்க. ஆகஸ்டுலேர்ந்து ஒரு சொட்டு கிடையாது. டிசம்பரையே தாண்டிட்டார். நானா இருந்தா மாதாவே வந்து கையைப் பிடிச்சாலும் முடியாது."

கை தட்டினார்கள். எவாரிஸ்தோ வாய் திறந்து ஏதோ சொல்ல வந்தார் என்றும், பிறகு கிளாஸை வாங்கிக்கொண்டார் என்றும், கண் கலங்கியிருந்தது என்றும் ஃபிதென்சியோவின் மனைவி சொன்னாள். சந்தோஷத்தில் கலங்கியது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் லாரி வளைந்து வந்து வாசல் கல்லில் இடித்து நின்றபோது பாத்திரத்தில் காசு குலுங்கிக்கொண்டிருந்தது. எவாரிஸ்தோ இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசல் வரை வந்தார். ஹெர்மிலா அவரைப் பார்த்தாள். பாத்திரத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேச முடியாது, அடுப்பில் தமால் இருந்தது.

"தீந்துபோச்சு கிழவி" என்றார். "சத்தியம் தீந்துபோச்சு. இப்போ பாவம் இல்ல."

அவள் சாறு பட்ட கரண்டியைக் கழுவினாள்.

"வெந்துச்சா? போகணும். எனக்கு விழுந்திருக்கில்ல."

"இப்படியேவா?"

"வேற எப்படி? பொம்மை என் பல்லுலதான் மாட்டுச்சு."

மோட்டார் ரிக்‌ஷாவில் பாத்திரத்தை நடுவில் வைத்து, இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவருமாகப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினார்கள். இரும்புப் படியில் பாத்திரத்தின் ஒரு கைப்பிடியை அவர் பிடித்தார். ஒவ்வொரு படியிலும் அவர் விழுந்துவிடுவார் என்று எதிர்பார்த்தபடியே அவள் ஏறினாள். விழவில்லை.

உள்ளே எல்லோரும் எழுந்து நின்றார்கள். வாசனையிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ப்ளாசிதோ பாத்திரத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை விரித்து எவாரிஸ்தோவுக்குப் போட்டார்.

"உட்காருங்க தோழரே. சூடாத்தான் கொண்டுவந்திருக்கீங்க."

தட்டுகள் நிறைந்தன. சாப்பிட்டார்கள். எல்லோருக்கும் கொடுத்த பிறகு ஹெர்மிலா கடைசியாகத் தன்னுடையதைப் பிரித்தாள். ஓரமெல்லாம் வெந்திருந்தது. நடுவில் மாவு மாவாகவே இருந்தது. பார்வையைச் சுற்றிலும் ஓட்டினாள். எல்லோரும் தலை குனிந்து தின்றுகொண்டிருந்தார்கள். ப்ளாசிதோ இரண்டாவது கேட்டு வாங்கினார்.

சாப்பாடு முடிந்ததும் கூட்டம் தொடங்கியது. யார் பேசுகிறீர்கள் என்று ப்ளாசிதோ கேட்டதும் எவாரிஸ்தோ கையைத் தூக்கினார். குடித்துவிட்டு வந்தவர் உட்கார்ந்து கேட்கலாம், அந்த மேசைக்குப் போகக் கூடாது. அது எல்லோருக்கும் தெரிந்த விதி. அவருக்கும் தெரியும்.

"இன்னைக்கு வேண்டாம்" என்றார் ப்ளாசிதோ. "நாளைக்குப் பேசுங்க."

"நாளைக்கு வந்தாலா?"

"வந்தா."

எவாரிஸ்தோ கையை இறக்கவில்லை. தூக்கின கையோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். வேறொருவர் எழுந்துபோய்த் தன் பெயரைச் சொல்லிப் பேச ஆரம்பித்தார். பிறகு கை தானாக மடியில் விழுந்தது. தலை நீலச் சேவல் மேல் சாய்ந்தது. ஹெர்மிலா தரையில் கிடந்த சோளத்தோல்களைச் சத்தமில்லாமல் பொறுக்கிப் பாத்திரத்தில் போட்டாள்.

மறுநாள் காலையில் சோளரொட்டிக் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு செனைதா கேட்டாள். "போனாரா கொமாத்ரே?"

"போனார்."

"குடிக்காமயா?"

"போனாரான்னுதானே கேட்டே."

செனைதா ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி அவள் கையில் வைத்தாள்.

குழு சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் கூடும். எவாரிஸ்தோ மத்தியானமே ஃபிதென்சியோ வீட்டுக்கு நாற்காலி எடுக்கக் கிளம்பியிருந்தார். போகும்போது குளித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், குழுவில் பேசுவதற்கு என்று அவரே சொன்னார். பழைய அட்டையை எடுத்து வெளியே வைத்துவிட்டார். இப்போது பையில் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஹெர்மிலா தன் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு, வாசலில் ஒரு நாற்காலியை விரித்துப் போட்டு உட்கார்ந்தாள். தெருவில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. லாரி இன்னும் வரவில்லை.